கூற்றா, வெறும் வாக்கியமா?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தின் கடைசி அத்தியாயத்தில் கணிதத் தர்க்கம் வருகிறது. அதன் தொடக்கத்தில் ஒரு சின்னக் கேள்வி: கொடுத்திருக்கும் வாக்கியங்களில் எவை கூற்றுகள்? பார்த்தால் கணக்கு மாதிரியே தெரியாது, தமிழ் இலக்கணக் கேள்வி போல இருக்கும். அதனாலேயே பலர் இதைப் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள்.

ஒரு மாதிரிக்கு நான்கு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். வியாழன் கோளைவிடப் பூமி பெரியது. தயவுசெய்து வரிசையில் நிற்கவும். எக்ஸ் + 3 = 7. இரண்டைவிடப் பெரிய ஒவ்வொரு இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை.

புதிதாகப் படிப்பவர்கள் முதல் வாக்கியத்தை அடித்துவிடுவார்கள், ஏனென்றால் அது தப்பு. மூன்றாவதைக் கூற்று என்பார்கள், ஏனென்றால் விடை 4 என்று உடனே தெரிகிறது. நான்காவதைப் பார்த்து முழிப்பார்கள், ஏனென்றால் அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விடை நேர்மாறு: முதலும் நான்காவதும் கூற்றுகள், மூன்றாவது கூற்று இல்லை. இரண்டாவதில் மட்டும் யாரும் தவறுவதில்லை.

இங்கே நடப்பது என்ன? கேட்கப்பட்ட கேள்வி ஒன்று, மாணவர் பதில் சொல்லும் கேள்வி வேறு. ‘இது கூற்றா?’ என்று கேட்டால் ‘இது சரியா?’ என்பதற்குப் பதில் வருகிறது.

வரையறை ஒரே வரிதான். மெய், பொய் என்ற இரண்டு மதிப்புகளில் சரியாக ஒன்றை மட்டும் கொண்ட வாக்கியம் கூற்று. ஏன் இவ்வளவு கறார் என்பது அடுத்த சில பக்கங்களைப் புரட்டினால் புரியும். அங்கே மெய் அட்டவணைகள் வருகின்றன, அதாவது கூற்றுகள் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கும் எல்லா வாய்ப்புகளையும் வரிவரியாக எழுதிக்காட்டும் அட்டவணைகள். ஒரு கூற்று இருந்தால் அட்டவணையில் இரண்டு வரிகள், இரண்டு கூற்றுகள் இருந்தால் நான்கு, மூன்று இருந்தால் எட்டு. அமெரிக்காவில் எமில் போஸ்டும் ஆஸ்திரியரான விட்கென்ஸ்டைனும் 1921-இல் தனித்தனியே வெளியிட்ட எழுத்துகள் வழியாகப் பரவிய இந்த அட்டவணை முறை முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: உள்ளே வரும் ஒவ்வொரு வாக்கியமும் இந்த இரண்டு மதிப்புகளில் ஒன்றோடு வரும், இரண்டோடும் வராது, இரண்டும் இல்லாமலும் வராது. அந்த மதிப்பு எது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே முடிவாகியிருந்தால் போதும். திருத்தி முடித்த விடைத்தாள் மாதிரி. ரிசல்ட் வரும்வரை மார்க் யாருக்கும் தெரியாது, ஆனால் மார்க் போட்டாகிவிட்டது.

ஆக, கூற்று என்பது அட்டவணைக்குள் விடத் தகுதியுள்ள வாக்கியம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற குழப்பங்களில் பாதி தானாகத் தீரும்.

முதல் சல்லடை இலக்கணம். எல்லா வாக்கியமும் எதையாவது அறிவிப்பதில்லை என்பதை அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். அவர் தந்த உதாரணம் வேண்டுதல்: அதுவும் வாக்கியம்தான், ஆனால் அதை மெய் என்றும் சொல்ல முடியாது, பொய் என்றும் சொல்ல முடியாது. தமிழில் இதற்குக் கையோடு ஒரு சோதனை இருக்கிறது. வாக்கியத்தின் பின்னால் ‘என்பது உண்மையா?’ என்று சேர்த்துப் பாருங்கள். ‘கதவைச் சாத்து என்பது உண்மையா?’ யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். ‘வண்டி எத்தனை மணிக்கு’, ‘அடேங்கப்பா, என்ன கூட்டம்’, ‘நல்லா இரும்மா’ எதுவும் இந்தச் சோதனையைத் தாண்டாது. கணிதத்திலும் இது வேலை செய்யும். ‘2 + 3 என்பது உண்மையா?’ என்றால் கேள்வியே பொருந்தவில்லை. 2 + 3 ஓர் எண்ணின் பெயர், அவ்வளவுதான். ‘2 + 3 = 6 என்பது உண்மையா?’ என்று தாராளமாகக் கேட்கலாம். இல்லை என்று பதில் வரும். பதில் வந்துவிட்டதே, அது போதும், அது கூற்று.

இந்தச் சல்லடையிலும் ஓட்டைகள் உண்டு. ‘சூரியன் மேற்கிலா உதிக்கிறது?’ என்று ஒருவர் எரிச்சலோடு கேட்டால் அவர் எதையும் கேட்கவில்லை, சொல்கிறார். பாடநூல் தர்க்கம் தொனியைப் பார்ப்பதில்லை. கேள்வி வடிவில் இருந்தால் கேள்விதான் என்று ஒதுக்கிவிடும். இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ‘இந்தக் கூட்டத்தைத் தொடங்கி வைக்கிறேன்’, ‘ஐந்நூறு ரூபாய் பந்தயம் கட்டுகிறேன்’ இரண்டும் அறிவிப்பு வாக்கியம் போலவே இருக்கின்றன, ஆனால் நடந்த ஒன்றை விவரிக்கவில்லை, சொல்வதே செயலாகிவிடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இந்த வகையைத்தான் அலசினார். நுழைவுநிலைப் பாடத்தில் இதெல்லாம் வராது, வரவும் தேவையில்லை. வாக்கியம் முற்றுப்புள்ளியில் முடிவதால் மட்டும் கூற்றாகிவிடாது என்று தெரிந்தால் சரி.

பொய்யான வாக்கியமும் கூற்றுதான் என்பதைப் பலர் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் மனத்துக்குள் நம்ப மாட்டார்கள். நம்பவைக்க ஒரே ஒரு நிரூபணம் போதும். இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்று நிறுவும்போது முதல் வரி என்ன? ‘இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறு எண் என்று வைத்துக்கொள்வோம்.’ அது பொய். பொய் என்று காட்டுவதற்காகவே எழுதும் வரி. பொய்யான வாக்கியங்களைக் கூற்று இல்லை என்று வெளியே தள்ளிவிட்டால், முரண்பாடு வழியாக நிறுவும் எந்த நிரூபணத்தையும் தொடங்கவே முடியாது. அதோடு, ஒரு மெய்யான கூற்றுக்கு மறுப்பு எழுதினால் கிடைப்பது பொய்யான வாக்கியம். அதற்குக் கூற்று என்ற தகுதி இல்லையென்றால் மறுப்பு என்ற செயலுக்கே அர்த்தமில்லை.

அடுத்தது தெரியாத உண்மைகள். மேலே வந்த நான்காவது வாக்கியம் கோல்ட்பாக் ஊகம். 1742 ஜூனில் கோல்ட்பாக் என்ற கணிதர் இன்னொரு கணிதரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தது. 4-க்குப் பின்னால் 18 சுழியங்கள் போட்டால் வரும் எண் வரைக்கும் கணினியில் சரிபார்த்துவிட்டார்கள். ஒரு விதிவிலக்கும் அகப்படவில்லை. ஆனாலும் நிரூபணம் இல்லை. இருந்தும் அது கூற்று. இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியாத ஒரு இரட்டை எண் எங்கோ ஒளிந்திருக்கிறது அல்லது இல்லவே இல்லை. மூன்றாவது வழி கிடையாது.

‘இத்தனை தூரம் சரிபார்த்தாயிற்றே, உண்மை என்றே வைத்துக்கொண்டால் என்ன?’ என்று தோன்றினால் ஆய்லரின் இன்னொரு கதையைப் பார்க்கலாம். நான்கு ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டி இன்னோர் ஐந்தாம் அடுக்கைப் பெற முடியாது என்பது 1769-இல் அவர் முன்வைத்த ஊகத்தில் அடங்கியது. கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் யாராலும் அதை அசைக்க முடியவில்லை. 1966-இல் லாண்டர், பார்க்கின் என்ற இருவர் கணினி உதவியோடு இதை வெளியிட்டார்கள்: 27, 84, 110, 133 ஆகியவற்றின் ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டினால் 144-இன் ஐந்தாம் அடுக்கு வருகிறது. ஆய்லரின் வாக்கியம் 1966-இல் பொய்யாக மாறவில்லை. 1769-இலும் பொய்தான்; யாருக்கும் தெரியாது, அவ்வளவே. கூற்றின் மதிப்பு வேறு, அதைப் பற்றிய நம் அறிவு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதை எல்லாக் கணிதர்களும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். டச்சுக் கணிதர் பிரௌவர் 1908-லேயே தகராறு செய்தார். மெய் என்று நிறுவும் வழியும் இல்லை, பொய் என்று காட்டும் வழியும் இல்லை என்றால், ‘இரண்டில் ஒன்று’ என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்து ஒரு தனித் தர்க்கமே வளர்ந்தது. பள்ளி, கல்லூரி முதலாண்டுப் புத்தகங்கள் பிரௌவர் பக்கம் போவதில்லை.

இதுவரை எல்லாம் ஓரளவு சுலபம். சிக்கல் தொடங்குவது அறிவிப்பு வாக்கியமாகவும் இருந்து, எக்ஸ் போன்ற மாறி எதுவும் இல்லாமல், ஆனாலும் மதிப்பு நிலைக்காத வாக்கியங்களில். இதற்கு ராமானுஜனை விட்டால் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. லண்டனின் பட்னி பகுதியில் நோயுற்றுப் படுத்திருந்த அவரைப் பார்க்க ஆங்கிலக் கணிதர் ஹார்டி டாக்ஸியில் போனார். வண்டியின் எண் 1729, கொஞ்சம் சுவாரசியமில்லாத எண்ணாகத் தோன்றியது என்று ஹார்டி சொல்ல, இல்லை, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு வெவ்வேறு வழிகளில் எழுதக்கூடிய எண்களில் மிகச்சிறியது அதுதான் என்று ராமானுஜன் பதில் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்த கதை. வழக்கமாக ராமானுஜனின் மேதைமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். தர்க்க மாணவருக்கு அதில் வேறொரு விஷயம் கிடைக்கிறது: அந்த உரையாடலில் ஒருவர் சொன்னது கூற்றல்ல, மற்றவர் சொன்னது கூற்று.

‘1729 சுவாரசியமில்லாத எண்.’ இது உண்மையா பொய்யா? ஹார்டிக்கு ஒரு மாதிரி, ராமானுஜனுக்கு வேறு மாதிரி. சுவாரசியம் என்பதற்கு அளவுகோல் கிடையாது. ‘அவர் உயரமானவர்’, ‘கணக்கு கஷ்டமான பாடம்’, ‘சென்னையில் வெயில் அதிகம்’ எல்லாம் இந்த இனம். இவற்றை மெய் அட்டவணைக்குள் விட்டால், ஆளுக்கு ஆள் வேறு வரியில் நிற்கும். ‘அவர் உயரம் 180 சென்டிமீட்டருக்கு மேல்’ என்று மாற்றிவிட்டால், ‘அவர்’ யார் என்று தெரிந்திருக்கும் பட்சத்தில் சிக்கல் தீர்ந்தது.

சுவாரசியம் என்பதைக் கறாரான பண்பு போல நடத்தினால் என்ன ஆகும் என்பதையும் வேடிக்கையாகக் காட்டுவார்கள். சுவாரசியமில்லாத இயல் எண்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், அவற்றுள் மிகச்சிறியது என்று ஒன்று இருக்கும். சுவாரசியமில்லாத எண்களில் மிகச்சிறியது என்பதே ஒரு சுவாரசியம்தானே! அப்படியானால் அது அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது. இதன் தீவிரமான வடிவம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் வேலை பார்த்த பெர்ரி என்பவருடையது. ரஸ்ஸல் தம் 1908 கட்டுரையில் அவர் பெயரோடு அதைப் பதிவு செய்தார். தமிழில் அதை இப்படி அமைக்கலாம்: ‘நூறு எழுத்துகளுக்குள் வரையறுக்க முடியாத மிகச்சிறிய இயல் எண்.’ இந்தத் தொடரே நூறு எழுத்துக்கு உள்ளேதான் இருக்கிறது.

சரி, ராமானுஜன் சொன்னது கூற்று என்றேன். 1-இன் கனத்தையும் 12-இன் கனத்தையும் கூட்டினால் 1729, 9-இன் கனத்தையும் 10-இன் கனத்தையும் கூட்டினாலும் 1729. அதற்குக் கீழே உள்ள எண்களை ஒவ்வொன்றாகச் சோதித்தால் அப்படி ஒன்று இல்லை என்று முடித்துவிடலாம். ஆனால் ஒரு நுணுக்கம். 91-ஐப் பாருங்கள். 3-இன் கனம் 27, 4-இன் கனம் 64, கூட்டினால் 91. 6-இன் கனம் 216, அதோடு −5-இன் கனமான −125-ஐக் கூட்டினாலும் 91. குறை முழுக்களை அனுமதித்தால் 1729 மிகச்சிறியது என்பது பொய்யாகிவிடுகிறது! ராமானுஜன் தவறு செய்யவில்லை. அவர் மிகை முழுக்களைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது ஹார்டிக்குச் சொல்லாமலே தெரியும். காகிதத்தில் எழுதும்போது அதைச் சொல்லியாக வேண்டும். எந்த எண்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பது வாக்கியத்தின் உள்ளே இல்லாவிட்டால், அதே சொற்கள் ஓரிடத்தில் மெய், இன்னோரிடத்தில் பொய்.

இதற்குப் பாடப்புத்தகத்திலேயே ஆதாரம் கிடக்கிறது. ‘எந்த எண்ணின் வர்க்கமும் 2 ஆகாது’ என்பது விகிதமுறு எண்களில் மெய், மெய்யெண்களில் பொய். ‘1 + 1 = 0’ என்பது வழக்கமான எண்களில் பொய், 2-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார்க்கும் மட்டு 2 எண்கணிதத்தில் மெய். பன்னிரண்டாம் வகுப்பில் தர்க்கம் வரும் அதே அத்தியாயத்தின் முற்பகுதியில்தான் மட்டு எண்கணிதமும் வருகிறது. இரண்டையும் சேர்த்துக் காட்டிப் பாடம் நடத்துவதை நான் பார்த்ததில்லை. நடத்தினால் அரை மணி நேரம் நன்றாகப் போகும்.

காலமும் இடமும் இதே வேலையைச் செய்கின்றன. ‘இந்தியாவில் 28 மாநிலங்கள் உள்ளன.’ பொது அறிவுப் புத்தகத்தில் வரும் சாதாரண வாக்கியம். சத்தீஸ்கர், உத்தராஞ்சல், ஜார்க்கண்ட் மூன்றும் 2000 நவம்பரில் பிறந்தபோது அது மெய்யானது. 2014 ஜூன் 2-இல் தெலங்கானா உருவாகி எண்ணிக்கை 29 ஆனதும் பொய்யானது. 2019 அக்டோபர் 31-இல் ஜம்மு காஷ்மீர் மாநில நிலையை இழந்து இரண்டு ஒன்றியப் பகுதிகளாகப் பிரிந்ததும் மறுபடி மெய்யானது. சொற்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ‘ஆந்திராவின் தலைநகரம் ஹைதராபாத்’ என்பதும் அப்படியே. ‘புளூட்டோ ஒரு கோள்’ என்பது கொஞ்சம் வேறு. அங்கே புளூட்டோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோள் என்பதன் வரையறையைத் திருத்தியது.

அப்படியானால் இவை கூற்றுகளா? புத்தகங்கள் இதில் ஒரே மாதிரி இல்லை. ‘இன்று வெள்ளிக்கிழமை’ என்பதைச் சில ஆசிரியர்கள் கூற்று இல்லை என்பார்கள்: நாள்தோறும் மதிப்பு மாறுகிறதே. வேறு சிலர், சொன்ன நாளைக் குறித்துக்கொண்டால் கூற்று என்பார்கள். என் பார்வையில் இரண்டாவது கட்சிதான் நியாயமானது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: தேதியைக் குறித்துக்கொண்ட பிறகு நம் கையில் இருப்பது அதே வாக்கியம் அல்ல, ‘2024 மார்ச் 1 வெள்ளிக்கிழமை’ என்ற வேறொரு வாக்கியம். அது என்றைக்கும் மெய். மாறுகிற வாக்கியத்தைக் கூற்று என்று ஏற்றுக்கொள்வதைவிட, மாறாத ஒன்றாக நிரப்பி எழுதிக்கொள்வது சுத்தம். தேர்வில் இப்படி ஒன்று வந்தால் காரணத்தையும் ஒரு வரி சேர்த்து எழுதிவிடுவது நல்லது. ‘நாள் குறிப்பிடப்படாததால் மெய் மதிப்பு நிலையாக இல்லை, எனவே கூற்று அல்ல’ என்று எழுதியிருந்தால் எந்தக் கட்சி ஆசிரியரும் மதிக்க வேண்டியிருக்கும்.

நம் மொழியில் இந்த நிரப்பும் வேலை கூடுதலாகவே இருக்கிறது. ‘நேற்றே ஊருக்குப் போய்விட்டான்’ என்பது தமிழில் முழு வாக்கியம். எழுவாய் இல்லாமலே நிற்கும். யார் போனான், எந்த ஊருக்கு, எது நேற்று? பேச்சில் எதிரில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும். தர்க்கத்துக்கு எதிரில் யாரும் இல்லை.

வருங்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘நாளை கடற்போர் நடக்கும்’ என்பது இன்றே மெய்யா அல்லது பொய்யா என்று அரிஸ்டாட்டில் கேட்டார். இன்றே மெய் என்றால் நாளை நடப்பதை யாரும் தடுக்க முடியாது. விதி முடிந்துவிட்டது என்றாகிவிடும். போலந்துத் தர்க்கவியலாளர் வுகாசியேவிச் 1920-இல் இதற்கு மூன்றாவது மதிப்பு ஒன்றைச் சேர்த்தே ஒரு தர்க்கம் அமைத்தார். அதில் இரண்டு கூற்றுகளுக்கு நான்கு வரி போதாது, ஒன்பது வரி வேண்டும். பள்ளிப் பாடம் இரண்டு மதிப்போடு நிறுத்திக்கொள்கிறது.

இப்போது எக்ஸ் + 3 = 7. இதில்தான் கணக்கில் கெட்டிக்காரர்களும் சறுக்குகிறார்கள், ஏனென்றால் சமன்பாட்டைப் பார்த்ததும் தீர்க்கத் தோன்றும். தீர்த்தால் 4. ஆனால் தீர்ப்பது என்றாலே, எந்த எண்ணைப் போட்டால் இது மெய்யாகும் என்று தேடுவதுதான். 4 போட்டால் மெய், 5 போட்டால் பொய். எதையும் போடாதபோது இரண்டும் இல்லை. இதைத் திறந்த வாக்கியம் என்பார்கள். மூடுவதற்கு இரண்டு வழி. எக்ஸுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிடலாம்: 5 + 3 = 7, பொய்யான கூற்று. அல்லது எத்தனை எக்ஸுக்கு என்று சொல்லிவிடலாம்: ‘எல்லா இயல் எண்களுக்கும் எக்ஸ் + 3 = 7’ பொய்யான கூற்று, ‘ஏதோ ஓர் இயல் எண்ணுக்கு எக்ஸ் + 3 = 7’ மெய்யான கூற்று. ‘எல்லா’, ‘ஏதோ ஒரு’ என்ற சொற்கள் சேர்ந்ததும் எக்ஸ் வெறும் பேருக்கு நிற்கிறது. அதில் போட எதுவும் மிச்சமில்லை.

எக்ஸின் வர்க்கம் சுழியத்துக்குக் குறையாது என்று மட்டும் எழுதினால்? மெய்யெண் எதைப் போட்டாலும் மெய்தான். கறாராகப் பார்த்தால் இதுவும் திறந்த வாக்கியமே. ஆனால் கணிதர்கள் அன்றாடம் எழுதும்போது முன்னால் ஒரு ‘எல்லா’வை மனத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். ‘இரட்டை எண்ணின் வர்க்கம் இரட்டை எண்’ என்று சொல்லும்போது எந்த இரட்டை எண் என்று நாம் கேட்பதில்லையே. இந்தப் பழக்கம் நல்லதுதான், ஆனால் மறுப்பு எழுதும்போது காலை வாரும். ‘எக்ஸ் வர்க்கம் கூட்டல் எக்ஸ் கூட்டல் 41 பகா எண்’ என்ற ஆய்லரின் கோவையை எடுத்துக்கொள்வோம். சுழியத்திலிருந்து 39 வரை போட்டால் ஒவ்வொரு முறையும் பகா எண்தான் வரும். 40 போட்டால் 1681, அது 41-இன் வர்க்கம். மறைந்திருக்கும் ‘எல்லா’வை வெளியே எழுதினால் மறுப்பு, ‘ஏதோ ஓர் எண்ணுக்குப் பகா எண் வராது’ என்று சரியாக வரும். எழுதாவிட்டால் ‘எந்த எண்ணுக்கும் பகா எண் வராது’ என்று எழுதிவிடுவோம். அது தப்பான மறுப்பு. மூல வாக்கியமும் பொய், இதுவும் பொய்.

கடைசியாகத் தன்னைத் தானே சுட்டும் வாக்கியங்கள். ‘இந்த வாக்கியம் பொய்’ என்பது பிரபலம். மெய் என்று வைத்தால் அது சொல்வதுபோலப் பொய்யாகிறது. பொய் என்று வைத்தால் அது சொல்வது பொருந்திவிடுவதால் மெய்யாகிறது. எந்த வரியிலும் நிற்காது, ஆகவே கூற்றல்ல. இதிலிருந்து, தன்னைச் சுட்டும் வாக்கியம் எதுவுமே கூற்றாகாது என்று ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அது சரியில்லை. ‘இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன.’ எண்ணிப் பாருங்கள், ஐந்து. மெய்யான கூற்று. ‘இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் இல்லை.’ இதிலும் ஐந்துதான், எனவே பொய்யான கூற்று. தன்னைச் சுட்டுவதில் ஒரு கேடும் இல்லை. தன் மெய் பொய்யைத் தானே தீர்மானிக்கப் பார்ப்பதில்தான் கேடு. ‘இந்த வாக்கியம் மெய்’ என்பதைப் பாருங்கள். மெய் என்றாலும் ஒத்துப்போகிறது, பொய் என்றாலும் ஒத்துப்போகிறது. முரண்பாடு இல்லை. ஆனால் இரண்டில் எது என்று முடிவுசெய்ய உலகில் எதுவுமே இல்லை. இதுவும் அட்டவணைக்கு உதவாது.

ஒரு மொழியின் வாக்கியங்களுடைய மெய் பொய்யை அதே மொழிக்குள்ளேயே பேச அனுமதித்தால் இந்தச் சிக்கல் தவிர்க்க முடியாதது என்று போலந்துத் தர்க்கவியலாளர் டார்ஸ்கி 1933-இல் காட்டினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் கியோடல் என்ற தர்க்கவியலாளர் இன்னும் தந்திரமாக ஒரு காரியம் செய்திருந்தார். ‘பொய்’ என்ற இடத்தில் ‘நிரூபிக்க முடியாதது’ என்பதை வைத்தார். நிரூபணம் என்பது எண்களைக் கொண்டு எழுதிக்காட்டக் கூடிய விஷயம். ஆகவே கிடைத்தது எண்களைப் பற்றிய முறையான கூற்று. முரண்பாடு மறைந்து, அவர் எடுத்துக்கொண்ட நிரூபண அமைப்புக்குள் நிரூபிக்க முடியாத ஒரு மெய்க்கூற்று வெளியே வந்தது.

கியோடல் காலத்துத் தர்க்கவியலாளர்கள் கூற்றை அடையாளம் காணும் வேலையையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள் என்பதைக் கல்லூரிப் பாடத்துக்குப் போனால்தான் பார்ப்போம். முறைசார் தர்க்கத்தில் கூற்றா இல்லையா என்பதற்கு வடிவம் மட்டும் போதும்: குறியீடுகள் விதிப்படி அமைந்திருக்கின்றனவா, அடைப்புக்குறிகள் பொருந்துகின்றனவா, ‘எல்லா’, ‘ஏதோ ஒரு’ என்ற சொற்களால் கட்டப்படாத எக்ஸ் எதுவும் மிச்சமிருக்கிறதா. இதைச் சொல்ல உலக அறிவு வேண்டாம், கணினிக்கே சொல்லிக்கொடுத்துவிடலாம். மெய்யா பொய்யா என்பது அதன் பிறகு, எந்த அமைப்பில் என்று கேட்ட பின்புதான் வரும். பள்ளியின் ஒருவரி வரையறை இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது.

பெரும்பாலான நேரம் அந்தக் கட்டு அவிழ்வதில்லை. கேன்டர் 1878-இல் முன்வைத்த தொடர்மக் கருதுகோளில் அவிழ்கிறது. இயல் எண்களின் கணத்தைவிடப் பெரியதாகவும் மெய்யெண்களின் கணத்தைவிடச் சிறியதாகவும் ஒரு முடிவிலிக் கணம் இல்லை என்று அது சொல்கிறது. வழக்கமான கணவியல் அடிகோள்கள், அதாவது நிரூபிக்காமலே ஏற்றுக்கொள்ளும் தொடக்கக் கூற்றுகள், முரணற்றவை என்றால், அவற்றைக் கொண்டு இதைப் பொய் என்று காட்ட முடியாது என்று கியோடல் 1940-இல் வெளியிட்டார். மெய் என்று நிறுவவும் முடியாது என்று கோஹென் 1963-இல் காட்டினார். வடிவத்தில் ஒரு குறையும் இல்லை, கட்டப்படாத எழுத்து ஒன்றும் இல்லை. அதற்கென்று ஒரு மெய் மதிப்பு இருக்கிறது, நம் அடிகோள்கள்தான் போதவில்லை என்பவர்கள் ஒரு பக்கம். சில கணவியல் அமைப்புகளில் மெய், சிலவற்றில் பொய், அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்பவர்கள் மறுபக்கம். பள்ளிக்கூட வரையறையை வைத்துக்கொண்டு இது கூற்றா என்று கேட்டால், முதல் பக்கத்தார் ஆம் என்பார்கள். இரண்டாம் பக்கத்தார் முதலில் எந்த அமைப்பில் என்று நம்மைத் திருப்பிக் கேட்பார்கள்.